சிப் கம்பெனிப் பங்கும் நம் கடைக் கல்லாவும்

பருப்பு விலை, எண்ணெய் விலை பேசும் இந்தப் பக்கத்தில் இம்முறை கம்ப்யூட்டர் சிப் பற்றி எழுத வேண்டியதாகிவிட்டது. காரணம் உண்டு.

சுண்ணாம்புக்குளம் பக்கத்தில் மளிகைக் கடை நடத்தும் ஓர் இளைஞர் பல ஆண்டுகளாக நம்மிடம் பதினைந்து நாள் தவணையில் சரக்கு எடுத்து வருகிறார். நாணயமானவர். அவர் இரண்டு தவணை தவறினார். நேரில் போய்க் கேட்டபோது கைபேசியை எடுத்துக் காட்டினார். ஒரு சிறிய சிப் கம்பெனியின் பங்கில் கடைப் பணம் 1 லட்சத்து 40 ஆயிரம் போட்டிருக்கிறார். அது ஒரு கட்டத்தில் 3 லட்சம் வரை போயிருக்கிறது. பிறகு தினமும் லோயர் சர்க்யூட். "ஐயா, விக்கலாம்னு பாத்தா வாங்க ஆளே இல்லீங்க" என்றார். அது ஏரியில் வரும்படி குறைந்த சமயம். பழவேற்காடு முகத்துவாரத்தில் மணல் தூர்ந்தால் ஏரிக்குக் கடல்நீர் வரத்து குறையும். இறாலும் நண்டும் குறையும். நம் கடைகளில் கடன் நோட்டு தடிக்கும். கடைக்காரர் கையில் ரொக்கம் வேண்டிய நேரமே அதுதான்.

மூளையைப் போல வேலை செய்யும் சிப் என்கிறார்களே, அது என்ன என்று நாமும் விசாரித்தோம். சாதாரண சிப், நிமிடத்துக்கொரு தரம் எல்லாத் தட்டுகளையும் எண்ணிக்கொண்டே இருக்கும் கடைப் பையனைப் போன்றது. இந்தப் புது வகை சிப், ஏதாவது ஒரு தட்டில் சரக்கு குறைந்தால் மட்டும் குரல் கொடுக்கும் பையன். மாற்றம் இல்லாதபோது சும்மா இருப்பதால் மின்சாரம் மிச்சம். நம் மூளை ஏறக்குறைய 20 வாட்டில் ஓடுகிறது என்பதே இதற்கு முன்மாதிரி. ஐ.பி.எம். 2014-லேயே இப்படி ஒன்றைச் செய்து காட்டியது. இன்டெல் 2017-ல் செய்தது. ஆகவே சரக்கு பொய்யல்ல. இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொழிலில் சிறு முதலீட்டாளர்கள் பெரிதும் பேசிய கம்பெனி ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் உள்ள பிரெயின்சிப். அதன் சிப்பின் பெயர் அகிடா. 2022 ஜனவரியில் மெர்சிடிஸ் பென்ஸ் தன் மாதிரிக் கார் ஒன்றில், குரல் கேட்டு விழிக்கும் வேலைக்கு அகிடாவைப் பயன்படுத்தியதாக அறிவித்தது. 70 சென்ட் அளவில் இருந்த பங்கு அந்த மாதமே 2 டாலர் 34 சென்ட் வரை போனது. அந்த விலையில் முழுக் கம்பெனியின் மதிப்பு சுமார் 400 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2022 முழுவதும் அதற்கு வந்த வருமானமோ சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர். ஆண்டுக்குப் பத்து லட்சம் விற்கும் கடையை ஐம்பது கோடி கொடுத்து வாங்குவோமா? அப்படித்தான் வாங்கினார்கள்.

மாதிரிக் கார் வேறு, விற்பனைக்கு வரும் கார் வேறு. நம் வழக்கில் சொன்னால் சாம்பிள் பொட்டலம் வேறு, லோடு ஆர்டர் வேறு. 2023-ல் நம் நாட்டு டாடா எல்க்ஸியும் அந்தக் கம்பெனியுடன் கூட்டு அறிவித்தது. அதே 2023-ல் அதன் வருமானம் 2 லட்சத்து 32 ஆயிரம் டாலர்தான். நட்டம் சுமார் 2 கோடியே 90 லட்சம் டாலர். நூறு ரூபாய்க்கு விற்றுவிட்டுப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் நட்டப்பட்ட கணக்கு. செலவுக்குப் பணம் புதுப் பங்குகளை விற்றுத்தான் வந்தது. பங்கு பெருகப் பெருகப் பழைய பங்குதாரரின் பாகம் சிறுத்துக்கொண்டே போகும். 2024-ல் விலை 20 சென்ட்டுக்கும் கீழே வந்தது. இத்தனைக்கும் கம்பெனி தன் கணக்கை ஒளிக்கவில்லை. மூன்று மாதத்துக்கொரு முறை சந்தைக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. அறிவிப்பைப் படித்தவர்கள் பலர். கணக்கைப் படித்தவர்கள் சிலர்.

நம் நாட்டில் நடந்தது இன்னும் விசித்திரம். ஆர்.ஆர்.பி. செமிகண்டக்டர் என்ற பங்கு, 2025 டிசம்பருக்கு முந்தைய 20 மாதங்களில் 55,000 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. சிப் உற்பத்தி எதையும் இன்னும் தொடங்கவில்லை என்று அந்தக் கம்பெனியே பங்குச் சந்தைக்கு எழுதிக் கொடுத்திருந்தது. பங்குகளில் மிகப் பெரும்பகுதி சிலர் கையில் இருந்தது. நண்டு ஏலத்தை நினைத்துப் பாருங்கள். கூடையில் நூறு நண்டு. தொண்ணூற்றெட்டை உள்ளே வைத்துக்கொண்டு இரண்டை மட்டும் ஏலத்தில் விட்டால் அந்த இரண்டும் எந்த விலைக்கும் போகும். அந்த விலையால் நூறையும் பெருக்கிக் கூடைக்கு மதிப்புச் சொன்னால் ஏல வியாபாரி சிரிப்பார். கைபேசியில் நாம் அதைத்தான் நம்புகிறோம். கடைசியில் பங்குச் சந்தை, வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே அந்தப் பங்கு கைமாறலாம் என்று கட்டுப்பாடு போட்டது.

நம்மில் வயதானவர்களுக்கு இது புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் இறால் பண்ணைக் கம்பெனிப் பங்குகளுக்கு இருந்த ஓட்டம் நினைவிருக்கும். இறாலும் உண்மை, வெளிநாட்டுத் தேவையும் உண்மை. 1994–95-ல் நோய் வந்து குளம் குளமாகச் செத்தது. 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருந்தவர்களில் நாமும் ஒருவர். சொல்ல வெட்கமில்லை.

ஆகவே பங்கே வாங்காதீர்கள் என்று எழுத நமக்கு யோக்கியதை இல்லை. வாங்குமுன் அந்தக் கம்பெனியை, நம்மிடம் புதிதாகக் கடன் கேட்டு வரும் கடைக்காரரைப் போல விசாரியுங்கள். சரக்கை யார் வாங்குகிறார்கள், வாங்கியவர் மறுபடி வாங்கினாரா? ரொக்கம் எத்தனை மாதத்துக்குத் தாங்கும்? பங்கில் எவ்வளவு பொதுமக்கள் கையில் இருக்கிறது? இதைவிட முக்கியமாக, போடும் பணம் யாருடையது? தவணையில் எடுத்த அரிசியை விற்று வந்த பணம், தவணை தீரும்வரை மொத்த வியாபாரியின் பணம்தான். கடைக்காரர் அதைத் தன் லாபம் என்று எண்ணும் பழக்கம் கைபேசிக்கு முன்பே உண்டு. முன்பு அது சீட்டுக்குப் போனது. இப்போது பங்குக்குப் போகிறது.

அந்த இளைஞருக்கு நாம் சரக்கை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவரிடம் கடன் வைத்திருக்கும் மீனவக் குடும்பங்களின் அடுப்பைத்தான் அது பாதிக்கும். ரொக்கத்துக்குச் சரக்கு, பழைய பாக்கிக்கு வாரம் இரண்டாயிரம் என்று பேசி முடித்தோம். இதுவரை தவறாமல் கட்டி வருகிறார். அந்தப் பங்கு இன்னும் அவர் கைபேசியில்தான் இருக்கிறது. அதைப் பற்றி நாம் கேட்பதில்லை; அவரும் சொல்வதில்லை.