மலையகத்து வறுமையும் அதன்மேல் ஏற்றப்படும் பழியும்

நம்பிக்கை: இலங்கையின் மலையகத் தோட்டங்களில் வறுமை தலைமுறை தலைமுறையாக நீடிப்பதற்குத் தொழிலாளரின் குடிப்பழக்கமும் சேமிக்கும் எண்ணமின்மையுமே காரணம்.

உண்மை: சேமிப்பதற்குக் கூலியில் ஏதேனும் மிஞ்ச வேண்டும்; அத்தோட்டங்களில் தொடக்கமே கடனாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றவர்கள், ஆள் திரட்டி வேலையையும் மேற்பார்த்த கங்காணியிடம் வழிச்செலவுக்குப் பெற்ற முன்பணத்தால், முதல் நாள் வேலைக்கு முன்பே கடனாளிகளாயினர். அக்கடனைப் புதிய தோட்டம் அடைத்தால் மட்டுமே ஆட்களை விடுவிப்பதாக எழுதித் தரப்படும் ‘துண்டு’ என்னும் சீட்டுமுறை, 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, நல்ல கூலியைத் தேடிச் செல்லும் உரிமையையும் அவர்களிடமிருந்து பறித்து வைத்திருந்தது.

அதைவிடப் பெரிய இழப்பு விடுதலைக்குப் பின் நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்க, அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டதேயன்றி, அவர்களது விருப்பத்தைக் கேட்கவில்லை. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. இலவசக் கல்வி நாட்டின் பிற பகுதி ஏழைப் பிள்ளைகளை அரசுப் பணிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உயர்த்திக்கொண்டிருந்த காலத்தில், தோட்டப் பள்ளிகள் எழுபதுகள் வரை பெரும்பாலும் நிருவாகத்தின் கையிலேயே கிடந்தன. வாக்கில்லாத மக்கள் கேட்டுப் பெறுவதற்கு வழியும் இருக்கவில்லை.

நம்பிக்கை: குடியை விட்டால் குடும்பம் தானே முன்னேறிவிடும்.

உண்மை: குடி இழைக்கும் கேடு மெய்யானது; மலைச்சரிவில் நாள் முழுதும் கொழுந்து பறித்த பெண்ணின் கூலியைக் கணவரோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியதால், அக்கேட்டின் பெரும்பங்கைச் சுமந்தவள் அவளே, அதற்குக் குடிப்பவரே பொறுப்பு. ஆயினும் குடியை அறியாத குடும்பமும், தோட்டத்துக்குச் சொந்தமான லயன் எனப்படும் வரிசை வீடுகளின் ஓர் அறையிலேயே வாழ்ந்தது. குறித்த அளவு கொழுந்து சேராத நாளில் அரைப் பெயரே, அதாவது பாதி நாட்கூலியே, அதற்கும் கிடைத்தது. அடமானம் வைத்துக் கடன் பெறவோ பிள்ளைக்கு விட்டுச்செல்லவோ அதனிடமும் ஒரு பேர்ச் நிலம்கூட இல்லை.