லண்டனில் புளூபெல் காடு பார்க்கப் போகிறீர்களா?

சித்திரை, வைகாசியில் பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகும் பெற்றோரை, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை "வாங்க, புளூபெல் பார்த்துட்டு வரலாம்" என்று கிளப்பிவிடுவார்கள். வசந்தத்தில் காட்டுத் தரையில் மண்டிப் பூக்கும் நீல மணிப்பூதான் புளூபெல். காடு என்றதும் முதுமலையை நினைக்க வேண்டாம். மேற்கு லண்டனின் பெரிவேல் வுட் மொத்தமே சுமார் 27 ஏக்கர்தான். 1902 முதல் செல்போர்ன் சொசைட்டி என்ற இயற்கை ஆர்வலர் சங்கத்தின் பராமரிப்பில் இருக்கும் பழைய ஓக் காடு அது. போகுமுன் சில குறிப்புகள்:

1. பெரிவேல் வுட் தினமும் திறந்திருக்காது. சங்க உறுப்பினர்களுக்கு மட்டும்தான். பொதுமக்களுக்கான திறப்பு நாள் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில் வரும். தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலும் அந்தப் பக்கம்தான். தரிசனத்தை முதலில் முடித்துவிடுங்கள். காட்டுக்குள் போய்வந்த கோலத்தில் கோயிலுக்குள் நுழைய முடியாது.

2. "வெயில் வரட்டும், ஜூனில் போகலாம்" என்று தள்ளிப்போட்டால் வெறும் பச்சையைத்தான் பார்ப்பீர்கள். மரங்கள் முழுதாய்த் துளிர்க்குமுன் தரையில் விழும் வெளிச்சத்தை நம்பித்தான் புளூபெல் பூக்கிறது. மேலே இலை அடர்ந்ததும் கீழே இருட்டிவிடும், பூவும் முடிந்துவிடும். ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரைதான் கணக்கு.

3. லண்டன் மண் களிமண். மழை நின்று இரண்டு நாளானாலும் சேறு காயாது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் நல்லது. புடவைதான் வேண்டும் என்றால் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைக்காமல் இடுப்பில் தூக்கிக்கொள்வதே மேல்.

4. வெளியே வெயில் அடித்தாலும் மர நிழலில் குளிரும். ஒரே ஒரு கனத்த கோட்டுக்குப் பதில் சட்டை, ஸ்வெட்டர், மெல்லிய மழை ஜாக்கெட் என்று அடுக்காய் அணியுங்கள்.

5. பாதையை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள். எல்லாக் குறிப்புகளிலும் இதுதான் முக்கியம். பூவை மிதிக்காமல் நடக்கிறோம் என்று நினைப்போம். கால் இலையின் மேல் விழும். நசுங்கிய இலையால் கிழங்குக்கு உணவு சேர்க்க முடியாது. அந்த இடத்தில் மறுபடி பூ மண்ட ஆண்டுக்கணக்கில் ஆகும். பூவுக்கு நடுவே உட்கார்ந்து எடுக்கும் படங்கள்தான் இந்தக் காடுகளுக்குப் பெரிய எதிரி. பாதையிலேயே குந்தி, கேமராவைத் தாழ்த்திப் பிடியுங்கள். நீலம் இன்னும் அடர்த்தியாகவே விழும்.

6. கிழங்கு கொண்டுவந்து ஊரில் நடலாம் என்று கை துறுதுறுக்கும். நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். செடி முழுவதும் விஷம் வேறு.

7. அசல் இங்கிலாந்துப் பூவா, தோட்டத்திலிருந்து பரவிய ஸ்பானிஷ் இனமா என்று அறிய ஒரு பூவைக் கிட்டே பாருங்கள். தண்டு ஒரு பக்கமாய்த் தலைகுனிந்து, மணிகள் அந்தப் பக்கமே தொங்கி, உள்ளே மகரந்தம் வெண்மஞ்சளாக இருந்தால் அசல். வாசனையும் உண்டு. தண்டு நிமிர்ந்து, சுற்றிலும் பூத்து, மகரந்தம் நீலமாக இருந்தால் ஸ்பானிஷ்.

8. சில காடுகளில் பூண்டு வாசனை தூக்கும். அது காட்டுப் பூண்டு. வெள்ளைப் பூவும் அகன்ற இலையும் கொண்டது. அங்குள்ளவர்கள் துவையல் போல அரைத்துச் சாப்பிடுவதுண்டு. நாம் ரசத்துக்குப் பறிக்க வேண்டாம். இலை அதைப் போலவே இருக்கும் விஷச் செடிகள் பக்கத்திலேயே வளரும். முகர்ந்து பார்த்துப் பிரித்தறியவும் முடியாது; பூண்டைத் தொட்ட கையில் எல்லாமே பூண்டாகத்தான் மணக்கும்.

9. மரங்களை அடியோடு வெட்டிப்போட்டிருந்தால் பதறாதீர்கள். ஹேசல் மரங்களை முறைவைத்து வெட்டுவார்கள். கரும்பு மறுதாம்பு போல அடிக்கட்டையிலிருந்து தழைத்துவிடும். வெட்டிய இடத்தில் வெளிச்சம் விழுவதால் அடுத்தடுத்த வசந்தங்களில் பூ கூடுதலாய் வரும்.

10. காஞ்சொறி போலச் சுணை கொண்ட நெட்டில் செடி பாதையோரம் நிறைய இருக்கும். பட்டால் தேய்க்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளுக்கு முழுக்கால் சட்டையே பாதுகாப்பு.

11. சிறிய காடுகளில் கழிப்பறை, கடை எதுவும் இருக்காது. பொடி தடவிய இட்லி கைகொடுக்கும். வாழைப்பழத் தோலைக்கூடத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

12. வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக் கழுவி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தோல் ஷூவை ஹீட்டர் மேல் வைத்தால் வெடித்துவிடும்.

13. அன்றிரவே முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, குழந்தைகளின் தலைமுடி எல்லாவற்றிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எண்ணெய் தடவுவதோ சூடு வைப்பதோ கூடாது. நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுத்து எடுங்கள். பிறகு கிருமிநாசினி போடுங்கள். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயின் அடையாளமான, வட்டமாய்ப் பரவும் தடிப்பு பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் தெரியும். சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். அதற்குள் ஊர் திரும்பியிருப்பீர்கள். தடிப்போ காய்ச்சலோ வந்தால், இங்கிலாந்தில் காட்டுக்குப் போய்வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.