முள்ளங்கிக் கீரையின் இயல்புகள்

தாமிரவருணிக் கரையிலுள்ள ஏரலில் முள்ளங்கி வாங்குவோர் பலர் தழையை ஒடித்து எறிந்துவிட்டுக் கிழங்கை மட்டும் கொண்டு செல்கின்றனர். எறியப்படுவதே சத்து மிகுந்த பகுதி என்பதை நாம் அறிதல் வேண்டும்.

முட்டைக்கோசும் கடுகும் அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சார்ந்தது முள்ளங்கி. இதன் இலையின் இரு மருங்கிலும் ஆழ்ந்த பிளவுகள் உண்டு. நுனி மடல் பெரியது. மேற்பரப்பில் சொரசொரப்பான மயிர்கள் காணப்படும். பூவின் இதழ்கள் நான்கும் சிலுவை வடிவில் அமைந்தவை. மகரந்தத் தாள்கள் 6. அவற்றுள் 4 நீண்டவை, 2 குறுகியவை.

கடுகின் காய் முற்றினால் வெடிக்கும். முள்ளங்கிக் காய் அவ்வாறு வெடிப்பதில்லை. ஆதலால் நாட்டு வகைகளைச் செடியிலேயே காயவிட்டு விதை எடுக்கலாம். ஆயினும், தனிச் செடி தன் மகரந்தத்தைக் கொண்டு நன்கு காய்க்காது. பல செடிகளை ஒருங்கே பூக்கவிட்டால் தேனீக்கள் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும்.

கீரையில் சுண்ணாம்புச் சத்தும் கரோட்டீனும் உள்ளன. கரோட்டீன் உடலில் வைட்டமின் 'ஏ'யாக மாறி, குழந்தைகளை மாலைக்கண் நோயினின்று காக்க உதவும். விதைத்த 3, 4 வாரங்களில் இளந்தழையைக் கொய்து, நன்கு கழுவி, பருப்புடன் வேகவைத்தால் சொரசொரப்பு மறையும். புழக்கடையில் ஒரு பாத்தி போதும். இனித் தழையை எறியாதிருப்போமாக.