ஆறும் புண்

நுழையும்முன்

காயம் பட்டால் மருந்திடுகிறோம். சில நாள்களில் புண் ஆறிவிடுகிறது. ஆற்றியது மருந்து என்று எண்ணிக்கொள்கிறோம். மருந்து தடைகளை நீக்குகிறது. புண்ணை ஆற்றுவது உடல். அந்தப் பணியில் தோலின்மேல் வாழும் நுண்ணுயிரிகளுக்கும் நாம் உண்ணும் உணவுக்கும் உள்ள பங்கினைக் கடலூர் மாவட்டத்தின் வயலிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் அறிந்துகொள்வோம்.

சேற்றில் நிற்கும் கால்

வீராணம் ஏரியின் நீர் பாயும் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரங்களில் சம்பா நடவு தொடங்கிவிட்டால், நடவுப் பெண்கள் காலை முதல் கணுக்கால் அளவுச் சேற்றில் நிற்கின்றனர். சில நாள்களில் அவர்களுடைய கால்விரல் இடுக்குகளில் தோல் ஊறி, வெளுத்து, வெடிக்கிறது. அரிப்பும் எரிச்சலும் உறக்கத்தைக் கெடுக்கின்றன. இதனைச் சேற்றுப்புண் என்பர் உழவர். நோய்க்குக் காரணத்தையே பெயராகச் சூட்டிய சொல் இது.

ஆயினும் சேறு தனியாக நின்று இப்புண்ணை உண்டாக்குவதில்லை. நலமான தோலின் மேற்பரப்பு உலர்ந்தது. மெல்லிய அமிலத்தன்மை உடையது. அதன் காரகாடித்தன்மை மதிப்பு ஏறத்தாழ 5. அந்த உலர்விலும் அமிலத்திலும் வாழப் பழகிய பாக்டீரியாக்கள் அங்கே நிலையாகக் குடியிருக்கின்றன. கால் நாள்முழுதும் நீரில் ஊறும்போது மேல்தோலின் இறுக்கம் தளர்கிறது. அமிலப் படலம் குலைகிறது. பழைய குடிகள் தளர, ஈரத்தை விரும்பும் பூஞ்சைகளும் வேறு பாக்டீரியாக்களும் பெருகுகின்றன. மண்ணன்று, ஓயாத ஈரமே இங்கு முதற்பகை. வயலில் இறங்குமுன் காலில் எண்ணெய் தடவுவதும், கரையேறியபின் கழுவித் துடைத்து மருதாணி அரைத்துப் பூசுவதும் நம் ஊர்களில் உள்ள வழக்கங்கள். எண்ணெய்ப் படலம் நீர் ஊறுவதைக் குறைக்கும் என்பதை அறிந்தே நம் முன்னோர் செய்தனர் எனலாம்.

தோலின் குடிகள்

ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் சில ஆயிரம் முதல் பத்து இலட்சம் வரை பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. குளித்தாலும் அவை அற்றுப்போவதில்லை. மயிர்க்கால்களின் உள்ளிருந்து மீண்டும் பெருகுகின்றன. கிருமி என்றாலே கொல்லத்தக்கது என்று பழகிய நமக்கு இச்செய்தி வியப்பளிக்கலாம். ஆனால், இவற்றுட் பல நமக்காக உழைப்பவை. சில வகைகள் தோலின் எண்ணெய்ப்பசையைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. தோலின் அமிலத்தன்மையைக் காப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. ஸ்டெபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்னும் பாக்டீரியம் சீழ் உண்டாக்கும் தன் இனத்துப் பாக்டீரியத்திற்கு இடம் கொடாமல் தடுக்கவல்லது.

இதே பாக்டீரியத்தின் சுவரிலுள்ள ஒரு பொருள், காயம்பட்ட இடத்தில் அழற்சி அளவுமீறிப் போகாமல் தணிக்கிறது என்று 2009 ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2021 இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதனை மறுபுறமிருந்து ஆராய்ந்தனர். பாக்டீரியா அற்ற சூழலில் வளர்த்த எலிகளின் தோல், பிற எலிகளின் தோலைப் போலச் செம்மையாக மீண்டும் வளரவில்லை. தன்னார்வலர் சிலரின் சிறு காயங்களில் பலவகைப் பாக்டீரியாக்களைக் கொல்லும் களிம்பைப் பூசியபோதும் ஆறுதல் தாமதமாயிற்று. சீழ் பிடித்த புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இன்றியமையாதது, அதில் ஐயமில்லை. நலமாக ஆறிவரும் சிறு சிராய்ப்புக்கும் அதைப் பூசுவதே நாம் கைவிடவேண்டிய வழக்கம்.

காவல் காக்கும் குடியும் இடம் மாறினால் களவுக்கு இறங்கும். அதே எபிடெர்மிடிஸ், மருத்துவமனையில் செலுத்தப்படும் குழாய் வழியாகவோ செயற்கை மூட்டின்மேலோ உட்புகுந்தால் கடுந்தொற்றை விளைவிக்கிறது. நுண்ணுயிரிகளை நல்லவை, தீயவை என்று இரண்டாகப் பிரித்து முடித்துவிட இயலாது.

ஆறுதல் என்னும் சொல்

சோறு ஆறுகிறது, சினம் ஆறுகிறது, மனம் ஆறுகிறது, புண்ணும் ஆறுகிறது. வெம்மை தணிதலைக் குறிக்கும் இவ்வினைச்சொல் புண்ணுக்கு மிகப் பொருந்துகிறது. காயம்பட்டவுடன் இரத்தத் தட்டுகள் கூடிக் கசிவை அடைக்கின்றன. பின்னர் வெள்ளையணுக்கள் திரண்டு கிருமிகளையும் இறந்த திசுக்களையும் அகற்றுகின்றன. அவ்விடம் சிவந்து, வீங்கிச் சுடுகிறது. அவ்வெம்மை தணிந்தாலன்றிப் புதிய திசு வளர்வதில்லை. போர்க்களத்தில் மார்பில் பெற்ற காயத்தை விழுப்புண் எனப் போற்றிய தமிழர், அதனை ஊசிகொண்டு தைக்கவும் அறிந்திருந்தனர். பரணர் பாடிய பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்து இதற்குச் சான்று.

வளர்சிதை மாற்றம் என்பதும் அழகிய கலைச்சொல். வளர்தலும் சிதைதலும் அதில் ஒருங்கே உள்ளன. புண் ஆறுவதும் அப்படித்தான். பழையதைச் சிதைக்கும் நொதிகளும் புதியதைக் கட்டும் செல்களும் அளவாக இயங்கவேண்டும். கட்டுவதற்கு ஆற்றல் தேவை. காயத்தில் நுண்குழாய்கள் அறுபட்டிருப்பதால் அங்கே ஆக்சிசன் குறைவு. ஆகவே, புண்ணின் விளிம்பிலுள்ள மேல்தோல் செல்கள் ஆக்சிசன் இன்றியே குளுக்கோசைப் பிளந்து விரைவாக ஆற்றல் பெறும் முறைக்கு மாறி, இடைவெளியை நோக்கி நகர்கின்றன. இம்மாற்றத்தைத் தூண்டுவது ஆக்சிசன் குறைவு மட்டுமன்று. தோலிலுள்ள நோயெதிர்ப்புச் செல்கள் விடுக்கும் ஒரு வேதிச் செய்தியும் வேண்டும் என நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு 2022 இல் காட்டியது.

மூன்று இழைக் கயிறு

புதிய திசுவுக்கு வலிமை தருவது கொலாஜன் என்னும் புரதம். அதன் வடிவம் கண்டறியப்பட்டது நம் சென்னையில். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளிப்படுத்தினர். இன்று உலகின் உயிர்வேதியியல் பாடநூல்கள் இவ்வடிவத்தைக் கற்பிக்கின்றன.

இக்கயிறு அவிழாமல் நிற்க வைட்டமின் சி வேண்டும். அதன் தேவையை ஒரு கடற்பயணம் கொடுமையாகப் புலப்படுத்தியது. 1740 இல் புறப்பட்ட ஆன்சன் என்னும் ஆங்கிலத் தளபதியின் கப்பலில் காய்கனி இன்றி மாலுமிகள் ஸ்கர்வி நோயுற்றனர். 1690 ஆம் ஆண்டுப் போரொன்றில் காயமடைந்து, முழுமையாக ஆறி ஐம்பது ஆண்டுகளான ஒருவருடைய புண் மீண்டும் வாய் திறந்தது. தழும்பு என்பது முடிந்துபோன செயலன்று. அங்கே கொலாஜன் சிதைந்துகொண்டும் புதிதாக உருவாகிக்கொண்டும் இருக்கிறது. மூன்று வாரத்தில் புண் மூடிவிட்டதாகத் தோன்றினாலும் அவ்விடம் பழைய தோலின் ஐந்திலொரு பங்கு வலிமையே பெற்றிருக்கும். காயம்பட்டவருக்கு மீனும் முட்டையும் ஆகாது என ஒதுக்குவது, கொத்தனாரை வரவழைத்துவிட்டுச் செங்கல்லை மறைப்பது போன்றதாகும். நெல்லிக்காயும் கொய்யாவும் மீனும் பருப்பும் அப்போதுதான் மிகுதியாக வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

புண்ணைக் காற்றாட விட்டு உலர்த்தவேண்டும் என்பது பொதுநம்பிக்கை. 1962 இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் காயங்களை ஆராய்ந்து, மூடி ஈரப்பதம் காத்த புண்ணில் மேல்தோல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவில் படர்ந்ததைக் கண்டார். செல்கள் நகர்வதற்கு வேண்டிய இவ்வளவான ஈரம் வேறு; நலமான தோலை ஊறவைக்கும் சேற்றின் ஈரம் வேறு.

சுடாத புண்

தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற கடலூர்க் கடற்கரை ஊர்களில் மீன்முள்ளும் கிளிஞ்சலும் காலைக் கிழிப்பது அன்றாட நிகழ்வு. அவை பெரும்பாலும் ஆறிவிடும். நீரிழிவு உள்ளவரின் காலில் நிலைமை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023 இல் வெளியான கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதைத் தெரிவித்தது. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர்! இரத்தத்தில் குளுக்கோசு நெடுநாள் மிகுந்திருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகின்றன, குருதியோட்டம் சுருங்குகிறது, வெள்ளையணுக்கள் மந்தமாகின்றன. கட்டுவதைவிடச் சிதைப்பது மேலோங்குகிறது. அழற்சியின் வெம்மை வாரக்கணக்கில் தணிவதில்லை. வலி இல்லாமையால் அவர் அப்புண்ணின் மீதே நடக்கிறார். பாக்டீரியாக்கள் பிசின் போன்ற படலம் அமைத்து மருந்தும் எட்டாதபடி தங்கிவிடுகின்றன. விரலையோ காலையோ இழப்பவர் பலருக்குத் தொடக்கம் இத்தகைய சிறு கீறல்தான்.

அங்கும் குடிகள் அனைத்தும் பகையல்ல. நீரிழிவுப் புண்களில் பரவலாகக் காணப்படும் ஆல்கலிஜீனிஸ் ஃபீகாலிஸ் என்னும் பாக்டீரியம், திசுவை அளவுமீறிச் சிதைக்கும் ஒரு நொதியைக் கட்டுப்படுத்தி ஆறுதலுக்கு உதவுவதாக 2024 இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். இது மருந்தாவதற்கு இன்னும் நெடுந்தொலைவு உள்ளது.

அதுவரை செய்யத்தக்கவை எளியவை. காயத்தைத் தூயநீராலும் சோப்பாலும் கழுவித் தூய துணியால் மூடலாம். காப்பித்தூள், சுண்ணாம்பு, சாணம் ஆகியவற்றை அப்பக்கூடாது; சாணத்தில் இசிவு நோய்க் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். 2021 இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர் வீட்டுக்கே வந்து சர்க்கரை அளவைப் பார்த்து மாத்திரை தருகிறார். ஆனால், நாள்தோறும் இரவில் பாட்டியின் உள்ளங்காலைப் பார்ப்பது வீட்டிலுள்ளோர் வேலை. குனிய இயலாதவர் தரையில் கண்ணாடி வைத்து அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். வலியில்லாத புண்ணையோ நிறம் மாறிய விரலையோ கண்டால், மறுநாள் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும்.