கரிசல் நிலத்தில் தொழுவத்திற்குச் சரளைப் பாதை

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்துக்கொண்டால், கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை போன்ற கரிசல் பகுதிகளில் வீட்டிலிருந்து மாட்டுத் தொழுவம் வரையுள்ள ஐம்பது, அறுபது அடி தூரமே பெரும்பாடாகிவிடுகிறது. தீவனக்கட்டைத் தலையில் சுமந்து வரும் பெண்களும், கறந்த பாலைக் கையில் எடுத்து வருபவரும் சறுக்கி விழுவது அன்றாடக் காட்சி. சினைப்பசு பின்னங்கால்கள் விரிந்து விழுந்துவிட்டால் ஏற்படும் நஷ்டம், சிறு விவசாயியால் தாங்கக்கூடியதன்று. நாள்கணக்கில் சேற்றில் நிற்கும் மாட்டின் குளம்பு ஊறி மிருதுவாகிக் குளம்பழுகல் காணுகிறது. சேறு படிந்த மடியில் மடிநோய் எளிதில் பற்றுகிறது.

இதற்காக ஆண்டுதோறும் ஒரு வண்டிச் சரளை கொண்டுவந்து கொட்டுபவர்கள் உண்டு. அடுத்த மழையில் அது இருந்த இடம் தெரிவதில்லை. கரிசல் களிமண் ஈரத்தில் உப்பி இளகும். வெயிலில் சுருங்கிப் பிளக்கும். இளகிய மண்ணுக்குள் சரளை மிதிபட்டு இறங்குகிறது. மிஞ்சியது ஓரங்களில் வழிந்து ஓடுகிறது. ஆகவே பாதை நிலைக்க மூன்று காரியங்கள் வேண்டும். களிமண்ணும் கல்லும் கலவாமல் இடையே ஒரு தடுப்பு வேண்டும். கல் வழியாதபடி ஓரங்களில் செங்கல் வேண்டும். உள்ளே இறங்கும் நீர் வெளியேற வழி வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆழமாகத் தோண்ட வேண்டாம்

செம்மண் நிலத்தில் அரை அடி தோண்டிக் கல் நிரப்புவதில் தவறில்லை; நீர் கீழே இறங்கிவிடும். கரிசலில் அப்படித் தோண்டினால் அந்தப் பள்ளமே ஒரு தொட்டியாகிவிடும். மழைநீர் அதில் தேங்கி, அடிமண் கூழாகி, பாதை முழுதும் அமுங்கும். எனவே மூன்று அங்குலம் மட்டும் மேல்மண்ணை வெட்டி எடுத்து, பாதையைத் தரைக்கு மேலே உயர்த்திப் போடுவதே சரியான முறை. அருகு, கோரைக் கிழங்குகளை அப்போதே பொறுக்கிவிட வேண்டும். வெட்டிய தளத்தை நடுவில் ஓர் அங்குலம் உயரமாகவும் இரு ஓரங்களிலும் தாழ்வாகவும் அமைத்து, திமிசால் நன்கு இடித்துக் கொள்ள வேண்டும்.

மாசி மாதம் இதற்கு ஏற்றது. அப்போது மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாகும், ஆனால் விரலில் ஒட்டாது. ஆள் கிடைக்கிறது என்று சித்திரை வெயிலில் வெடிப்புகளின் மேலேயே பாதை போட்டால், மழை வந்ததும் மண் உப்பிப் பாதையைத் தூக்கிவிடும். வேறு வழியில்லையெனில் வெடிப்புகளில் மணலை இறக்கி, இரண்டு மூன்று நாள் நீர் தெளித்துப் பதப்படுத்திய பின் தொடங்கலாம். வசதியுள்ளவர்கள் அடிமண்ணை மூன்று அங்குலம் கொத்தி, நீற்றிய சுண்ணாம்புத் தூளைக் கலந்து இடித்தால் மண்ணின் உப்பும் தன்மை வெகுவாகக் குறையும். அறுபது அடி நீளம், நான்கடி அகலப் பாதைக்குச் சுமார் 100 கிலோ பிடிக்கும். கலக்கும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செங்கல் ஓரம்

கல் கொட்டுவதற்கு முன்பே ஓரம் கட்டிவிட வேண்டும். இருபுறமும் கயிறு பிடித்து, தளத்தைவிட ஓர் அங்குலம் ஆழமாகச் சிறு வாய்க்கால் எடுத்து, ஒன்பது அங்குலச் செங்கற்களைச் செங்குத்தாக, ஒன்றையொன்று நெருக்கி நிறுத்த வேண்டும். நாலரை அங்குலப் பக்கம் பாதையின் நீளத்தை ஒட்டி இருக்கட்டும். இப்படி வைத்தால் செங்கல்லின் ஐந்து அங்குலம் தரைக்கு மேலே தெரியும். அறுபது அடிப் பாதையின் இரு ஓரங்களுக்கும் 320 கற்கள் ஆகும். உடைசலுக்கு இருபது சேர்த்துக் கொள்ளலாம்.

சிமெண்ட் சாந்து கூடாது. பூசினால் உறுதியாக இருக்கும் என்று கொத்தனார் சொல்லக்கூடும். ஆனால் கரிசல் அசையும்போது சாந்து பிளந்துவிடும். பிளக்கும்வரை நீரையும் உள்ளே அடைத்து வைக்கும். சாந்தில்லாத இடுக்குகள்தாம் இப்பாதையின் வடிகால்.

மலிவாகக் கிடைக்கிறதென்று வேகாத செங்கல்லை வாங்குவது வீண். இரண்டு கற்களைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஒரு நாள் முழுதும் நீரில் ஊறப்போட்டு எடுத்தால், மூன்று கிலோ எடையுள்ள உலர்ந்த கல் மூன்று கிலோ அறுநூறு கிராமுக்கு மேல் போகக்கூடாது. அதிகம் வெந்து கறுத்து, சற்றுக் கோணலாகிய கற்களைச் சுவருக்கு ஒதுக்கிவிடுவார்கள். பாதை ஓரத்திற்கு அவை நன்றாகவே உதவும்.

நிரப்பும் முறை

தளத்தின் மேல் முதலில் இரண்டு அங்குலம் பருமணல் அல்லது கல்குவாரித் தூள். மணல் கிடைக்காவிட்டால் பழைய நெசவு உரச்சாக்குகளைப் பிரித்து, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உறையை நீக்கி, அரையடி மேலேற்றி விரித்து, அதன்மேல் ஓர் அங்குலம் தூள் போட்டாலும் போதும். அந்தக் குறைவை ஜல்லியால் ஈடுசெய்து கொள்ளலாம். பாலித்தீன் தாள் விரிக்கவே கூடாது. அது நீரைத் தேக்கும்.

அடுத்து நான்கு அங்குலம் ஒன்றரை அங்குல ஜல்லி. ஆற்றுக் கூழாங்கல் உருளும். உடைத்த கல்லின் முனைகள்தாம் ஒன்றோடொன்று கவ்விப் பிடிக்கும். இடிந்த வீட்டுச் செங்கல் துண்டுகளும் இவ்வடுக்குக்கு ஏற்றவையே. இரண்டிரண்டு அங்குலமாகப் போட்டு, நீர் தெளித்து இடிக்க வேண்டும். உள்ளே நிரப்பும்போதே வெளிப்புறமும் சரளையைச் சரிவாக அணைத்துக் கொண்டே வர வேண்டும். இல்லையேல் செங்கல் வெளியே சாய்ந்துவிடும். வெளிப்புறம் கரிசல் மண்ணை அப்பினால் இடுக்குகள் அடைபடும்.

மேலே இரண்டு அங்குலம் செஞ்சரளை. மாடு நடக்கும் பாதையில் ஜல்லி மேலே தெரியக்கூடாது. கூரிய கல் குளம்பின் பிளவில் சிக்கிப் புண்ணாக்கும். சரளையில் சிறிது மண் கலந்திருந்தால்தான் இறுகும். ஆனால் ஈரமாக்கிப் பிசையும்போது சப்பாத்தி மாவுபோல நீண்டால் அந்தச் சரளை ஆகாது, அதுவே சேறாகிவிடும்.

மேற்கண்ட அளவுப் பாதைக்கு மணல் 40 கன அடி. இடிக்கும்போது அமுங்குவதைக் கணக்கிட்டு ஜல்லி ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, சரளை அரை யூனிட் வாங்கினால் சரியாக இருக்கும். ஓரச் சரிவுக்கு வேண்டிய சரளை தனி.

சரிவின் அடியில் ஓரடி அகலம், அரையடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்து, நீரை வாழைக்கோ தென்னைக்கோ திருப்பலாம். தொழுவம் கழுவிய நீரை இதில் விடாமல் எருக்குழிக்குத் தனியே கொண்டுபோக வேண்டும்.

பணம் போதாதவர்கள் முழு நீளத்திற்கும் அரைகுறையாகப் போடுவதைவிட, தொழுவ வாசலிலிருந்து இருபது அடியை முறையாகப் போட்டு, மறு ஆண்டு நீட்டிக்கொள்வது மேல். மாடுகள் கூடி நின்று மிதிப்பது அங்கேதான். இது ஆளும் மாடும் நடப்பதற்கான பாதை. டிராக்டர் டிரெய்லர் ஏறினால் செங்கல் ஓரம் முதல் நாளே நொறுங்கும். தை மாதம் மழை ஓய்ந்ததும் ஓரத்தில் ஒதுங்கிய சரளையை நடுவுக்கு இழுத்து, பள்ளம் விழுந்த இடங்களை நிரப்பி இடித்து, வாய்க்காலில் படிந்த வண்டலை வாரிவிட வேண்டும்.