இரயில்வே கேட்டும் இயற்பியலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவர்)

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலைகளில் வேன்களுக்கும் கார்களுக்கும் குறைவிராது. குற்றாலத்திற்கென்று இரயில் நிலையம் இல்லை. இரயிலில் வருவோர் தென்காசியிலோ செங்கோட்டையிலோ இறங்க வேண்டும். மலையைக் குடைந்து கொல்லத்திற்கு 1904-இல் திறந்த மீட்டர்கேஜ் பாதை இன்று அகலப்பாதை. திருநெல்வேலி–தென்காசிப் பகுதி 2012-இலும், செங்கோட்டைக்கு அப்பாலுள்ள மலைப்பகுதி 2018-இலும் மாற்றம் பெற்றுத் திறக்கப்பட்டன. பாதை மாறிற்று, கேட்டருகே நம் பழக்கம் மாறவில்லை.

என் தாயார் பீடி சுற்றுபவர். எங்கள் வீட்டிற்கும் பீடிக் கடைக்கும் இடையே ஓர் இரயில்வே கேட் உண்டு. கடை அடைக்குமுன் பீடியைச் சேர்க்க வேண்டுமே என்ற அவசரத்தில், மூடிய கேட்டுக்கு அடியில் சொளகோடு குனிந்து நுழைந்துவிடுவார். "வண்டி தூரத்துலதானல வருது" என்பார். நானும் பள்ளி நாட்களில் சைக்கிளைச் சாய்த்து நுழைந்தவன்தான். கல்லூரியில் இயக்கச் சமன்பாடுகளைப் படித்த பிறகே 'தூரம்' என்பதன் பொருள் எனக்கு விளங்கியது.

கணக்கு எளியது. மணிக்கு 90 கி.மீ. என்பது விநாடிக்கு 25 மீட்டர். பிரேக் போட்டால் வண்டியின் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் வீதம் குறைவதாகக் கொள்வோம். அது நிற்க 50 விநாடியும் 625 மீட்டரும் வேண்டும். 300 மீட்டர் தொலைவில் ஒருவரைக் கண்டு ஓட்டுநர் பிரேக் போட்டாலும், அவ்விடத்தை வண்டி மணிக்குச் சுமார் 65 கி.மீ. வேகத்தில் கடக்கும்! எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரத்திற்கு உராய்வு குறைவு. பெரும் பாரத்தை எளிதில் இழுக்க உதவும் அதே குணம், விரைவில் நிறுத்த முடியாமலும் செய்கிறது. வேகம் இருமடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். மேலும், நேர் எதிரே வரும் பெரிய பொருள் மெதுவாக வருவதுபோல் கண்ணுக்குத் தோன்றும்.

மக்கள் மட்டும் திருந்தினால் போதுமா? போதாது. அகலப்பாதைகளில் ஆளில்லா கேட்டுகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டன. ஆயினும் 2025 ஜூலை 8 அன்று, கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், ஆள் உள்ள கேட்டிலேயே பள்ளி வேன்மீது இரயில் மோதி மூன்று மாணவர்கள் மாண்டனர். அது சிக்னலோடு இணைக்கப்படாத கேட். இணைக்கப்பட்ட கேட்டை மூடிப் பூட்டினால்தான் சிக்னல் வண்டிக்கு வழிவிடும். வழிவிட்ட பின் கேட்டைத் திறக்க இயலாது. இணைப்பில்லாத கேட்டிலோ, நிலைய அதிகாரி தொலைபேசியில் கூற, கேட் கீப்பர் மூட வேண்டும். பல உயிர்கள் ஒரு மனிதரின் விழிப்பை நம்பியுள்ளன. அவ்விபத்திற்குப் பின் எல்லாக் கேட்டுகளிலும் கண்காணிப்புக் கேமரா வைக்க ஆணையிடப்பட்டது. இரயில்களையும் சாலை வாகனங்களையும் பெருக்கிப் பெறும் அலகு 20,000 ஆனால்தான் இணைப்பு என்றிருந்த வரம்பும் 10,000 ஆகக் குறைக்கப்பட்டது.

சட்டமும் உண்டு. 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 160-ஆம் பிரிவின்படி, மூடிய கேட்டைத் திறப்பவருக்கு மூன்றாண்டு வரையும், உடைப்பவருக்கு ஐந்தாண்டு வரையும் சிறை. ஆனால் சிறைக்கு அஞ்சி நிற்பதைவிட, விவரம் அறிந்து நிற்பதே மேல்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி கண்ட முதல் ஆள் நான். என் கணக்கைக் கேட்ட அம்மா, "அப்ப டிரைவர் பார்த்தாலும் நிக்காதாய்யா?" என்று மட்டும் கேட்டார். "நிக்காதும்மா" என்றேன். மறுவாரம் ஒருநாள், மற்றவர்கள் குனிந்து போக, அவர் மட்டும் கேட் திறக்கும்வரை நின்றார். போய்ச் சேரும்போது கடை அடைத்துவிட்டது. அன்றைய பீடி மறுநாளைக்குத் தங்கிற்று. அதன்பின் கால்மணி நேரம் முன்னதாகவே புறப்படுகிறார்.

நண்பர்களே! நாம் படித்த சமன்பாடு தேர்வுத்தாளோடு முடிந்துவிட வேண்டாம். வீட்டில் ஒருவருக்கேனும் அதை விளக்கிச் சொல்வோம்.