ஸ்கேனரா, மீட்டரா? பழைய கார் வயரிங் பழக வரும் பிள்ளைகளுக்கு

டிசம்பரில் வழக்கநிலைத் தேர்வு முடிவு, ஜனவரியில் சாதாரண நிலை முடிவு. அந்த நாள்களில் சிங்கப்பூரின் பிடோக், காக்கி புக்கிட் பக்கத்துப் பட்டறைகளுக்குப் பிள்ளையை அழைத்துக்கொண்டு பெற்றோர் வருவார்கள். “அண்ணே, தம்பிக்குக் கார்னா உயிரு. எந்த ஸ்கேனர் நல்லதுன்னு சொல்லுங்க, வாங்கிக் குடுத்துடுறோம்” என்பார்கள். காணொளி பார்த்துத் தம்பி ஏற்கெனவே ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்திருப்பான். 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தியில்தான் ஓட வேண்டும் என்பதால், பழைய வயரிங்கைப் படிப்பது வீண் என்று அப்பா நினைப்பார். இரண்டுமே தப்பான கணக்கு.

தொழில்நுட்பக் கல்விக் கழகமா, பலதுறைத் தொழிற்கல்லூரியா, நேராகப் பட்டறையா என்பது மதிப்பெண்ணையும் வீட்டு நிலைமையையும் பொறுத்தது. மூன்று வழியிலும் நல்ல ஆள்கள் வந்திருக்கிறார்கள். எந்த வழியில் போனாலும், கோளாறைத் தேடக் கை எதில் முதலில் பழகுகிறது என்பதுதான் முக்கியம். பாகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது ஒரு முறை. ரிலே, ஃபியூஸ் போன்ற மலிவான சாமான்களுக்கு அது சரி. அதற்கு மேல் வாடிக்கையாளரின் காசுதான் கரையும். அடுத்தது ஸ்கேனர். அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்கேனர் கோளாறைக் காட்டுவதில்லை. காரின் கணினிக்கு என்ன தோன்றியதோ அதைச் சொல்கிறது, அவ்வளவுதான். பத்தாண்டு முடிந்து வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) புதுப்பித்த 2008ஆம் ஆண்டுக் கார் ஒன்றில் ‘பி0562’ என்று வந்தது. மின்னழுத்தம் குறைவு என்று பொருள். படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் அதை நம்பி முதலில் பேட்டரியை மாற்றினான், பிறகு ஆல்டர்நேட்டரையும் மாற்றினான். குறியீடு திரும்பவும் வந்தது. எஞ்சினை ஓடவிட்டு, விளக்கு, ஏர்கான் எல்லாவற்றையும் போட்டு மீட்டரை வைத்தோம். ஆல்டர்நேட்டரின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 14.1 வோல்ட். பேட்டரியின் இரு முனைகளிலும் 12.2தான். நடுவில் 1.9 வோல்ட் எங்கே போனது? ஒரு முள்ளை எஞ்சின் பிளாக்கிலும் மற்றதைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்ததும் 1.8 காட்டியது. அங்கே 0.2க்கு மேல் வந்தாலே சந்தேகப்பட வேண்டும். எர்த் பட்டையைக் கழற்றினால், போல்ட்டுக்கு அடியில் பச்சைப் பச்சையாகக் களிம்பு. சுரண்டித் துடைத்து முறுக்கியதோடு வேலை முடிந்தது. களிம்பேறிய எர்த்துக்கென்று எந்த ஸ்கேனரிலும் குறியீடு கிடையாது.

இந்த ஊர்ப் பழைய கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1998இல் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தபோது கார்களில் ஐயு என்ற கட்டணக் கருவி ஏறியது. 2023 நவம்பரிலிருந்து அதை எடுத்துவிட்டு ஓபியு என்ற புதுக் கருவியை வைக்கிறார்கள். கூடவே கேமரா, அலாரம், முன்னாள் உரிமையாளர் சேர்த்த ஸ்பீக்கர். ஒவ்வொன்றுக்கும் யாரோ எங்கோ ஒரு வயரை வெட்டி டேப் சுற்றியிருப்பார்கள். காரின் கணினிக்கு இந்த ஒட்டுவேலை எதுவும் தெரியாது. ஆனால் இவற்றில் ஏதாவது ஒன்று, கார் நிற்கும்போதும் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை இழுக்கலாம். பூட்டி நிறுத்திய கார் 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் பெரும்பாலும் சரி. அரை ஆம்பியர் இழுத்தால் 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாளுக்குள் காலி. அதை அளக்கும்போது கதவைப் பூட்டிவிட்டு, எல்லாக் கணினிகளும் உறங்கும்வரை அரை மணி நேரமாவது சும்மா நிற்க வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் இந்த அரை மணியில்தான் தோற்றுப்போகிறார்கள்.

ஆகவே என் கட்சி மூன்றாவது முறை: சாதாரண மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், அந்தக் காருக்குரிய வயரிங் படம். மீட்டரைப் பிடித்தே இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான்; என் சார்பு இதில் இருக்கத்தான் செய்யும். ஆனால் மின்சாரக் காரிலும் பெரும்பாலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது என்பதை அப்பாக்கள் கவனிக்க வேண்டும். அது படுத்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி கிளம்பாது. மீட்டர் பிடிக்கத் தெரிந்தவனுக்கு அங்கேயும் வேலை உண்டு.

பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஐந்து கால் ரிலே ஒன்றையும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றையும் மீட்டரையும் கையில் கொடுங்கள். 85, 86 எண் கால்கள் காயிலுக்கு. 30இலிருந்து 87க்கும் 87ஏக்கும் எப்போது இணைப்பு கிடைக்கிறது என்று அவனே கண்டுபிடிக்கட்டும். பக்கத்து வீட்டுப் பையன் கணினி படிக்கிறான் என்று இவனைப் பிடுங்கி அங்கே நடாதீர்கள். கார் பிடிக்கும் என்பதற்காகவே இங்கே தள்ளவும் வேண்டாம். விடை கிடைக்காத மாலை நேரத்தில் எரிச்சல்படாமல் மறுபடி முதல் முனையிலிருந்து அளக்கும் குணம் சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும், சிலருக்கு மெல்ல வரும். வரும்வரை பொறுத்திருங்கள் தம்பிகளே, அவசரப்பட்டு யாரும் இதில் தேறியதில்லை.

ஸ்கேனர் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. சார்ஜிங் சுற்றை எதையும் பார்க்காமல் தாளில் வரையத் தெரிந்த பிறகு வாங்குங்கள். அப்போதும் குறியீட்டை மட்டும் காட்டும் கருவி வேண்டாம். ஓடும் எஞ்சினின் அளவுகளை நேரடியாகக் காட்டுவதாகப் பாருங்கள். அது சொல்லும் வோல்ட்டையும் உங்கள் மீட்டர் சொல்லும் வோல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து ஒப்பிடலாம்.